மூக்கால் பேசும் கூம்பு: வீட்டு ஹார்ன் ஸ்பீக்கரில் கோளாறு எங்கே?

#1 ஒலிப்பித்தன்

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய ஹார்ன் (ஒலியைக் கூம்பு வழியே அனுப்பும்) ஸ்பீக்கர் ஜோடி ஒருவழியாகப் பாட ஆரம்பித்துவிட்டது. புல்லாங்குழல் வந்தால் வாசிப்பவர் மூச்சு எடுப்பது வரை கேட்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று விழுகிறது. இப்படி ஒரு துடிப்பை என் பழைய பெட்டி ஸ்பீக்கரில் நான் கேட்டதே இல்லை.

ஆனால் ஒரு குறை விடாமல் துரத்துகிறது. ஆண் குரல் வந்தால், பாடுபவர் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவது போல இருக்கிறது. பெண் குரலில் அவ்வளவாகத் தெரியவில்லை.

அமைப்பு இதுதான். கீழே 120 லிட்டர் ரிஃப்ளெக்ஸ் (காற்றுத்துளை உள்ள) பெட்டியில் 15 அங்குல வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர். மேலே 1.4 அங்குலத் தொண்டை (ஒலி கூம்புக்குள் நுழையும் துளை) உள்ள கம்ப்ரஷன் டிரைவர், கூம்பை ஓட்டும் ஒலிக்கருவி. அதன் முன்னால், பிளைவுட் வளையங்களை ஒட்டி நானே கடைந்த டிராக்ட்ரிக்ஸ் என்ற வளைவுள்ள கூம்பு, 300 ஹெர்ட்ஸ் வரை கீழே தாங்கும் கணக்கு. கிராஸ்ஓவர், அதாவது வூஃபரும் கூம்பும் ஒலியைப் பங்கு போடும் இடம், 700 ஹெர்ட்ஸில், டிஎஸ்பி (ஒலியை எண்களாக மாற்றித் திருத்தும் கருவி) மூலம், ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி) 24 டெசிபல் சரிவு. வூஃபருக்கும் கூம்புக்கும் தனித்தனி ஆம்ப். உட்கார்ந்து கேட்கும் இடம் 3.2 மீட்டர் தள்ளி.

ஈக்வலைசரில் 1000 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரை குறைத்துப் பார்த்தேன். மூக்கு போனது, கூடவே குரலின் உயிரும் போனது. அதனால் மூடி மறைக்க விருப்பமில்லை. எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க உதவுங்கள்.

#2 பழைய ரேடியோ

தம்பி, முதலில் வாழ்த்துகள். கூம்பை மரத்தில் கடைந்து முடிப்பவர்கள் குறைவு, பாதியில் விட்டவர்களே அதிகம்.

"கூம்பு என்றாலே கத்தும், மூக்கால் பாடும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஐம்பது வருடம் கேட்ட அனுபவத்தில் சொல்கிறேன், அது கூம்பின் பிறவிக்குணம் இல்லை. ஒவ்வொரு மூக்கொலிக்கும் ஒரு முகவரி உண்டு.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது இரண்டு கையையும் வாயருகே குவிக்கிறோம் அல்லவா, அதேதான் இது. திறந்த வெளியில் ஒரு அட்டையை முன்னும் பின்னும் ஆட்டினால் காற்று ஓரமாக நழுவிப் போய்விடும். அதே அட்டையை ஒரு குழாய்க்குள் வைத்து ஆட்டினால் காற்றுக்கு நழுவ வழியில்லை, நகர்ந்தே ஆக வேண்டும். கூம்பு அந்தக் குழாயில் தொடங்கி, மெல்ல மெல்ல விரிந்து, வெளிக்காற்றிடம் ஒலியைப் பதமாக ஒப்படைக்கிறது. சாதாரண ஸ்பீக்கர் வாங்கும் மின்சாரத்தில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ஒலியாக மாறுகிறது. நல்ல கூம்பில் அது பத்து மடங்குக்கும் மேலே போகும்.

பேசும் படம் வந்த 1920களின் பிற்பகுதியில் சில வாட் ஆம்ப்பை வைத்துக்கொண்டு பெரிய அரங்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 டிரைவரும் அதன் பெரிய கூம்புகளும் அந்தத் தேவையில் பிறந்தவை. 1945-ல் ஆல்டெக் லான்சிங் கொண்டுவந்த 'வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்' வரிசையும் அதே வழியில் வந்தது. பேச்சு புரியவேண்டும் என்பதற்காகவே செய்த பொருள்கள் அவை. மூக்கால் பேசுவதாக இருந்தால் அரங்கத்தில் விட்டிருப்பார்களா?

சரி, உங்கள் விஷயம். நான் மூன்று இடத்தைச் சந்தேகிக்கிறேன்: டிரைவரும் கூம்பும் சேரும் தொண்டை, கூம்பு முடியும் வாய், வூஃபரோடு கைமாறும் 700 ஹெர்ட்ஸ். சுவர் அதிர்கிறதா என்று விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள். மணி போல ஒலித்தால் அதுவும் ஒரு காரணம். வார்ப்பு உலோகக் கூம்புகளில்தான் அது அதிகம். ஒட்டிய மரம் பெரும்பாலும் "டொக்" என்று அடங்கிவிடும்.

#3 அளவுகோல்

காதால் கேட்டதை எழுதிவிட்டீர்கள், நல்லது. இப்போது மைக் வைத்து அளந்ததைப் போடுங்கள்.

எப்படி அளப்பது: ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும். வூஃபரைத் துண்டித்துவிட்டு கூம்பு மட்டும். மைக் 1 மீட்டர் தள்ளி, கூம்பின் நடுவுக்கு நேராக. தரையிலிருந்து உயரம் 1.1 மீட்டர் என்றால், தரையில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட 1.4 மீட்டர் அதிகம் பயணம் செய்யும், அதாவது 4 மில்லி விநாடி தாமதம். அதற்கு முன்னால் பதிவை வெட்டிவிட்டால் அறையின் கைவரிசை இல்லாத வரைபடம் கிடைக்கும். அப்படி வெட்டியதில் சுமார் 250 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மட்டும் நம்புங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளே போதும்.

வரைபடத்தை அதிகமாக மழுப்பாதீர்கள், அதாவது ஏற்ற இறக்கங்களைச் சராசரியாக்கி வழவழப்பாக்காதீர்கள். ஆக்டேவில் மூன்றில் ஒரு பங்கு என்று மழுப்பினால் நாம் தேடுவது காணாமல் போய்விடும். 24-ல் ஒரு பங்கு வையுங்கள்.

#4 புதுக்காது

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கூம்பு இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் பேஸுக்கு மட்டும் சாதாரணப் பெட்டி வைக்கிறீர்கள்? பேஸுக்கும் கூம்பே வைத்தால் என்ன?

#5 பழைய ரேடியோ

நல்ல கேள்வி. அளவுதான் காரணம்.

கூம்பு ஓர் அதிர்வெண்ணைத் தாங்க வேண்டுமானால் அதன் வாயின் சுற்றளவு அந்த அதிர்வெண்ணின் அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 300 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 1.14 மீட்டர், ஆக வாயின் விட்டம் 36 செ.மீ. மேசையில் வைக்கலாம். 40 ஹெர்ட்ஸுக்கு? அலைநீளம் 8.6 மீட்டர், வாயின் விட்டம் 2.7 மீட்டர். விரிவும் மிக மெதுவாக நடக்க வேண்டும். எக்ஸ்பொனென்ஷியல் கூம்பில் 300 ஹெர்ட்ஸுக்கு 6.3 செ.மீ.க்கு ஒருமுறை பரப்பு இரட்டிப்பாகலாம், 40 ஹெர்ட்ஸுக்கு 47 செ.மீ.க்கு ஒருமுறைதான். 15 அங்குல வூஃபரில் தொடங்கினாலும் நீளம் 3 மீட்டரை நெருங்கும்.

இதற்கு ஒரு வழி கண்டவர் பால் கிளிப்ஷ். அறையின் மூலையில் வைத்தால் தரையும் இரண்டு சுவரும் சேர்ந்து வெளியை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிவிடும், அதனால் வாயும் எட்டில் ஒரு பங்கு இருந்தால் போதும். 5.85 சதுர மீட்டர் தேவைப்பட்ட இடத்தில் 0.73. கூம்பின் நீளத்தைப் பெட்டிக்குள்ளேயே மடித்துவிட்டார். சுவர்களே கூம்பின் கடைசிப் பகுதியாக வேலை செய்யும். 1946-ல் வந்த கிளிப்ஷ்ஹார்ன் இன்றும் தயாராகிறது என்றால் அந்த யோசனையின் பலம் அப்படி. ஆனால் அதற்கு இரண்டு நல்ல மூலை வேண்டும், மூலை வரை இடைவெளி இல்லாத சுவர் வேண்டும். எல்லா அறையிலும் அது அமைவதில்லை.

#6 ஒலிப்பித்தன்

தட்டிப் பார்த்தேன் ஐயா, "டொக்" என்றுதான் அடங்குகிறது. சுவர் காரணமில்லை.

அளவுகோல் சொன்னபடி அளந்தேன். 24-ல் ஒரு பங்கு மழுப்பலில் வரைபடம் அலை அலையாக இருக்கிறது. மேடுகள் 780, 1150, 1520 ஹெர்ட்ஸில். அதற்கு மேலும் ஒன்றிரண்டு சின்ன மேடு தெரிகிறது, 2500 தாண்டினால் அடங்கிவிடுகிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 5 டெசிபல் வரை போகிறது. இடம், வலம் இரண்டு கூம்பிலும் அதே இடத்தில் அதே மேடுகள்.

அப்புறம், 9000 ஹெர்ட்ஸ் அருகே இடது கூம்பில் மட்டும் ஒரு கூர்மையான பள்ளம் இருக்கிறது. வலதில் இல்லை.

#7 அளவுகோல்

அருமை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் டிரைவர் கோளாறு இல்லை, வடிவக் கோளாறு.

மேடுகளுக்கு இடையே 370 ஹெர்ட்ஸ். சம இடைவெளியில் மேடு வந்தால் ஒலி எங்கோ மோதித் திரும்பி வருகிறது என்று பொருள். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதை 370-ன் இரண்டு மடங்கால் வகுத்தால் 46 செ.மீ. டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடான டயாஃபிரத்திலிருந்து 46 செ.மீ. தூரத்தில் ஏதோ ஒன்று ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. கூம்பு தாங்கும் கீழெல்லையான கட்-ஆஃபுக்கு அருகில் இந்தக் கணக்கு சற்று நழுவும், ஆனாலும் ஆளை அடையாளம் காட்ட இது போதும்.

உங்கள் கூம்பின் நீளம், டிரைவருக்குள் இருக்கும் பாதை, வாய்க்கு வெளியே அலை சில செ.மீ. நீண்டு முடிவது, எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். சந்தேகம் வாய் மேல்தான்.

வாயின் விட்டத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். வரைபடத்தில் என்ன இருக்கிறது என்பது வேண்டாம், மரத்தில் என்ன இருக்கிறது என்பது வேண்டும்.

#8 ஒலிப்பித்தன்

26 செ.மீ.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கடைசல் இயந்திரத்தில் 28 செ.மீ. விட்டத்துக்கு மேல் சுற்ற இடமில்லை. வரைபடத்தில் கூம்பின் நீளம் 36.6 செ.மீ. கடைசி 3 செ.மீ.தானே, ஓரம்தானே என்று அங்கேயே நிறுத்திவிட்டேன். பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று நினைத்தேன்.

#9 மரத்தூள்

அந்த 3 செ.மீ.தான் எல்லாம்!

டிராக்ட்ரிக்ஸ் என்றால் என்ன வளைவு தெரியுமா? ஒரு மேசையின் ஓரமாக நீங்கள் நடக்கிறீர்கள், கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் மேசை நடுவே ஒரு கல். நீங்கள் ஓரத்தோடு நேராக நடக்க நடக்க, கல் வளைந்து வளைந்து உங்கள் பின்னால் ஓரத்தை நோக்கி வரும். அந்தக் கல் இழுபட்ட தடம்தான் டிராக்ட்ரிக்ஸ். இதைக் கூம்புக்குக் கொண்டுவந்தவர் பால் வாய்க்ட், 1920களில். தொண்டைப் பக்கம் கிட்டத்தட்ட நேர்க்குழாய், வாய்ப் பக்கம் வந்ததும் பூ மாதிரி சட்டென்று விரியும். முடியும் இடத்தில் சுவர் முழுக்கப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்.

அதனால் கடைசி 3 செ.மீ. நீளத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றாலும், விட்டம் அங்கேதான் 26-லிருந்து 36.4-க்குப் போகிறது. பரப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. நீங்கள் வெட்டியது வாயில் பாதியை.

26 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 82 செ.மீ., ஏறக்குறைய 420 ஹெர்ட்ஸுக்கான வாய். கூம்பின் உடம்பு 300-க்குக் கடைந்தது, வாய் 420-க்கு முடிந்திருக்கிறது, நீங்கள் 700-ல் பாட விடுகிறீர்கள். கிராஸ்ஓவருக்கும் கூம்பின் எல்லைக்கும் நடுவே ஓர் ஆக்டேவாவது மூச்சு விட இடம் வேண்டும், அது இல்லை. போதாக்குறைக்கு கூர்மையான ஓரம் வேறு. விரிந்து போய்க்கொண்டிருந்த ஒலி திடீரென்று விளிம்பில் விழுகிறது, ஒரு பங்கு திரும்பி உள்ளே ஓடுகிறது.

மரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு தடித்த துண்டை உருளையாகச் சுருட்டி, வாயைச் சுற்றி வளையமாகக் கட்டுங்கள். துண்டின் வளைவு கூம்பின் உள்சுவரைத் தொடர்ந்து வெளியே உருண்டு பின்னால் போக வேண்டும். வாய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அளந்து பாருங்கள். மேடுகள் தணிந்தால் சந்தேகமே இல்லை, விடுபட்ட ஓரத்துக்கு உதடு கட்ட வேண்டியதுதான்.

#10 வால்வு விரும்பி

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். என்னிடமும் கூம்பு உண்டு, ஓட்டுவது 300பி வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப், 8 வாட். இப்படிப்பட்ட அமைப்புக்கு 8 வாட் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வூஃபர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 96 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 8 வாட் என்பது 9 டெசிபல் கூடுதல். 3.2 மீட்டர் தூரத்தில் 10 டெசிபல் இழப்பு. இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 திரும்பக் கிடைக்கிறது. 98 டெசிபல் உச்சம், அறை கொடுப்பது தனி. வீட்டில் குரலும் வீணையும் கேட்க அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா முழு வேகத்தில் வேண்டும் என்பவர்களுக்குப் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு தொல்லை உண்டு. பாட்டு ஓடாதபோது கூம்பிலிருந்து "உஸ்" என்று ஒரு சத்தம். இரவில் நன்றாகவே கேட்கிறது. ஒலிப்பித்தன், உங்களுக்கு இருக்கிறதா?

#11 ஒலிப்பித்தன்

இருக்கிறது, அதையும் கேட்க நினைத்திருந்தேன். என் டிரைவர் 109 டெசிபல், வூஃபர் 96. டிஎஸ்பியில் கூம்பை 13 டெசிபல் குறைத்துத்தான் சமன் செய்திருக்கிறேன். அப்படியும் "உஸ்" குறையவில்லை.

#12 அளவுகோல்

டிஎஸ்பியில் குறைத்தால் பாட்டுதான் குறையும். இரைச்சல் அதற்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்பிலிருந்து வருகிறது, அதை டிஎஸ்பி தொடவே முடியாது.

ஆம்ப்பின் வெளியீட்டில் 200 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருப்பதாக வையுங்கள். சாதாரண ஸ்பீக்கரில் யாருக்கும் கேட்காது. 8 ஓமில் அது 0.000000005 வாட், ஒரு வாட்டுக்கு 83 டெசிபல் கீழே. 109 டெசிபல் டிரைவரில் மீட்டர் தூரத்தில் 26 டெசிபல். அமைதியான அறையில் காதுக்கு நன்றாகவே எட்டும்.

ஆகவே குறைப்பதை ஆம்ப்புக்குப் பிறகு, டிரைவருக்கு முன்பு செய்யுங்கள். 8 ஓம் டிரைவருக்கு 13 டெசிபல் குறைக்க 6.2 ஓம் ரெசிஸ்டர் தொடரில், அதன் பின் டிரைவருக்குக் குறுக்கே 2.3 ஓம். கிடைப்பதில் 2.2 போட்டாலும் பரவாயில்லை. டிஎஸ்பியில் அந்த 13-ஐத் திரும்பக் கொடுத்துவிடலாம். இரைச்சல் 26-லிருந்து 13 டெசிபலுக்கு இறங்கிவிடும். ஆம்ப்புக்கும் எப்போதும் சீராக 8 ஓம் தெரியும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். ஆம்ப்பை நேராக கம்ப்ரஷன் டிரைவரில் இணைத்திருந்தால் நடுவில் ஒரு 100 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதைத் தடுக்கும். ஆம்ப் போடும்போதும் அணைக்கும்போதும் வரும் ஒரு "டொம்" போதும், அந்த மெல்லிய டயாஃபிரம் கிழிய. எனக்கு ஒன்று அப்படித்தான் போனது. கெபாசிட்டர் 700 ஹெர்ட்ஸிலும் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) கொஞ்சம் நகர்த்தும். அதனால் டிலே (வூஃபர் ஒலியும் கூம்பு ஒலியும் ஒன்றாக வந்து சேரக் கொடுக்கும் தாமதம்) சரிசெய்வதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

#13 ஒலிப்பித்தன்

இரண்டு செய்தி.

ஒன்று, துண்டு. சுருட்டிக் கட்டி அளந்தேன். மேடு பள்ளம் 5 டெசிபலிலிருந்து 3-க்கு வந்துவிட்டது. கேட்கும்போதே தெரிகிறது, மூக்கைப் பிடித்த விரல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மரத்தூள் அண்ணா, உதடு கட்டத் தொடங்குகிறேன்.

இரண்டு, இடது கூம்பின் 9000 ஹெர்ட்ஸ் பள்ளம். டிரைவரைக் கழற்றிவிட்டு சுண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டுச் சுற்றிலும் தடவினேன். மேலே வழுவழுப்பு. கீழே நகம் ஓரிடத்தில் தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால், டிரைவருக்கும் கூம்புக்கும் நடுவே வைத்த ரப்பர் வளையம் ஒரு பக்கமாக நகர்ந்து, பிறை போல உள்ளே ஒன்றரை மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கிறது. 'ச', 'ஸ' எழுத்துகள் இடது பக்கம் சற்று மங்கலாக இருப்பதாக எனக்கு எப்போதுமே ஒரு நினைப்பு இருந்தது. என் காது என்று விட்டிருந்தேன். வளையத்தை மெல்லிய தாளில் வெட்டி மாற்றினேன், பள்ளம் போய்விட்டது.

#14 பழைய ரேடியோ

தொண்டை அப்படித்தான் தம்பி. 9000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 4 செ.மீ.கூட இல்லை, தொண்டையின் விட்டமே 3.6 செ.மீ. அந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் என்பது வழியில் கிடக்கும் பெரிய கல். டிரைவரின் வெளிவாய் எந்தக் கோணத்தில் விரிகிறதோ, கூம்பும் அதே கோணத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் பாருங்கள். பலர் விட்டத்தை மட்டும் பொருத்திவிட்டுக் கோணத்தை விட்டுவிடுகிறார்கள்.

#15 அளவுகோல்

ஒரு மாற்றுக் கருத்தை வைத்துவிடுகிறேன், இழை டிராக்ட்ரிக்ஸ் புராணமாகவே போகிறது.

டிராக்ட்ரிக்ஸ், எக்ஸ்பொனென்ஷியல் இரண்டுமே மேலே போகப் போக ஒலியைக் குறுக்கிவிடும். நடுவில் உட்கார்ந்தவருக்குச் சரியாகக் கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மேல் ஸ்தாயி குறையும். அறைச் சுவரில் பட்டு வரும் ஒலியும் மங்கலாக இருக்கும். 1975-ல் டான் கீல் இந்தக் குறையை எடுத்துக்காட்டி, எல்லா அதிர்வெண்ணையும் ஒரே கோணத்தில் பரப்பும் கூம்புகளுக்கு வழி திறந்தார். பிறகு ஏர்ல் கெட்டெஸ் கூம்புக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் ஓடும் அலைகள்தான் கரகரப்புக்குக் காரணம் என்று சொல்லி, தொண்டையிலிருந்து சுவர் மிக மென்மையாக விரியும் வடிவத்தைக் கொடுத்தார். உள்ளே துளையுள்ள நுரை நிரப்பினார். நான் அந்த வகைதான் வைத்திருக்கிறேன். சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்தாலும் மூவருக்கும் ஒரே பாட்டு.

#16 வால்வு விரும்பி

மறுக்கவில்லை. ஆனால் விலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கம்ப்ரஷன் டிரைவரின் சக்தி 3000, 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம் இறங்குகிறது. டிராக்ட்ரிக்ஸ் ஒலியைக் குறுக்கி முன்னால் குவிப்பதால் நேர் எதிரே அந்த இறக்கம் ஈடாகிவிடுகிறது. ஒரே கோணத்தில் பரப்பும் கூம்பில் அதை ஈக்வலைசரால் தூக்க வேண்டும். டிஎஸ்பி இல்லாமல் ஒரு வால்வு ஆம்ப், ஒரு கம்பிச்சுருள், ஒரு கெபாசிட்டர் என்று வாழும் என் போன்றவர்களுக்கு டிராக்ட்ரிக்ஸ் எவ்வளவு பெரிய சௌகரியம்! நான் தனியாகத்தான் கேட்கிறேன், ஒரே நாற்காலியில். இரண்டு கூம்பையும் என் முகத்துக்கு ஒரு கை முன்னால் சந்திக்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். குரல் வெறுங்காற்றில் நிற்கிறது.

#17 அளவுகோல்

தனியாகக் கேட்பவருக்கு உங்கள் வழி சரி. கூட்டாகக் கேட்பவருக்கு என் வழி. அதில் சண்டை இல்லை.

#18 மரத்தூள்

உதடு எப்படி என்று ஒலிப்பித்தன் தனிச்செய்தியில் கேட்டிருந்தார், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கடைசல் இயந்திரம் தேவையில்லை. ரூட்டரும் வட்டம் வெட்டும் கையும் போதும்.

6 மி.மீ. பிளைவுட்டில் ஐந்து வளையம். உள் விட்டம் வரிசையாக இப்படிப் போக வேண்டும்: 26, 27.4, 28.8, 30.6, 32.6, 36.4 செ.மீ. முதல் வளையம் 26-ல் தொடங்கி 27.4-ல் முடியும், அடுத்தது அங்கிருந்து 28.8 வரை, இப்படியே. முதல் 6 மி.மீ.யில் விட்டம் ஒன்றரை செ.மீ.கூட ஏறவில்லை, கடைசி 6 மி.மீ.யில் கிட்டத்தட்ட 4 செ.மீ. ஏறுகிறது பாருங்கள். அந்த வளைவை வெறும் கண்ணால் தேய்க்க முடியாது. ஒரு தகரத் துண்டில் வளைவை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, அரத்தால் தொடங்கி, 80, 120, 240 எண் உப்புத்தாள் என்று போங்கள். ஒவ்வொரு பிளைவுட் அடுக்கும் ஒரு வட்டக் கோடாகத் தெரியும். கோடுகள் சுற்றிலும் ஒரே அகலமாக இருந்தால் வளைவு சரி. ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் அங்கே அதிகம் தேய்த்துவிட்டீர்கள். பிளைவுட்டே அளவுகோல், தனியாக ஒன்று வேண்டாம்.

அதோடு நிறுத்தாதீர்கள். 36.4-க்கு வெளியே 3 செ.மீ. ஆரத்தில் அரைவட்டமாகப் பின்னால் உருளும் விளிம்பு ஒன்று சேருங்கள். மொத்த விட்டம் 42.4 வரும். ஓரம் என்று சொல்ல ஓர் இடமே இருக்கக் கூடாது.

#19 ஒலிப்பித்தன்

மூன்று வாரம் ஆகிவிட்டது. உதடு இரண்டும் முடிந்தது. இடது கூம்பில் ஓரிடத்தில் கோடு தடித்துவிட்டது, மரத்தூளும் பசையும் கலந்து நிரப்பித் திரும்பத் தேய்த்தேன். ரெசிஸ்டர், கெபாசிட்டர் போட்டாயிற்று. "உஸ்" இப்போது கூம்புக்குள் தலையை நீட்டினால்தான் கேட்கிறது.

அளவு: 700-லிருந்து 3000 வரை மேடு பள்ளம் மொத்தமே ஒன்றரை டெசிபல். 1150-ல் இருந்த மேட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் டிலே. கூம்பின் வாயும் வூஃபர் பலகையும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. டயாஃபிரம் வாயிலிருந்து 43 செ.மீ. பின்னால், வூஃபர் 8 செ.மீ. பின்னால் என்று கணக்கிட்டேன். 35 செ.மீ. வித்தியாசம், வூஃபருக்கு 1 மில்லி விநாடி தாமதம். பிறகு கூம்பின் இணைப்பைத் தலைகீழாக மாற்றிவிட்டு, 700 ஹெர்ட்ஸில் பள்ளம் எங்கே ஆழமாகிறது என்று தாமதத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். 1.1-ல் கிணறு போல இறங்கியது. இணைப்பை நேராக்கியதும் அதே இடம் சமமாகிவிட்டது.

அன்று இரவு ஒரு காரியம் செய்தேன். என் அப்பா செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பவர். அவர் வாசிப்பதை மாடியில் திறந்த வெளியில் ஒரு மீட்டர் தூரத்தில் மைக் வைத்துப் பதிவு செய்திருந்தேன். சுவர் எதிரொலி எதுவும் கலக்காத குரல். அதை ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும், அவர் பேசும் அளவுக்கே வைத்து ஓடவிட்டேன். உதடு கட்டுவதற்கு முன் இதே பதிவை ஓடவிட்டபோது யாரோ வானொலியில் வாசிப்பது போல இருந்தது. இப்போது அவர் பக்கம் திருப்பும்போது எச்சில் தொட்டு நிறுத்தும் இடம், "ஆகவே" என்பதில் "ஆ" நெஞ்சிலிருந்து வருவது, எல்லாம் அவராகவே இருந்தது. உள்ளே இருந்த அம்மா, "யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்?" என்று எட்டிப் பார்த்தார்.

#20 பழைய ரேடியோ

தம்பி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பதிவைப் பத்திரமாக வையுங்கள். இனி எதை மாற்றினாலும் அதை வைத்தே சோதியுங்கள்.

#21 புதுக்காது

நானும் ஒரு ஜோடி தொடங்கலாம் என்றிருக்கிறேன். என்னிடம் 1 அங்குலத் தொண்டை டிரைவர்தான் இருக்கிறது. இதே 300 ஹெர்ட்ஸ் கூம்பு போடலாமா?

#22 மரத்தூள்

கூம்பு போடலாம், டிரைவர் தாங்காது. பெரும்பாலான 1 அங்குல டிரைவர்களை 1200 ஹெர்ட்ஸுக்குக் கீழே விடாமல் இருப்பது நல்லது. தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச அதிர்வெண்ணைப் பாருங்கள், அதற்குக் கீழே இறங்காதீர்கள். அப்படியானால் 500, 600 ஹெர்ட்ஸ் கூம்பே போதும், வாய் 22 செ.மீ.க்குள் அடங்கிவிடும், பல கடைசல் இயந்திரங்களில் சுற்றலாம். ஆனால் 15 அங்குல வூஃபர் 1000 ஹெர்ட்ஸ் தாண்டினால் ஒலியைக் குறுக்கத் தொடங்கிவிடும், அதனால் 10 அல்லது 12 அங்குலம் எடுங்கள்.

டிரைவரின் மாடல் எண்ணைப் போடுங்கள். வளைய அளவுகளைக் கணக்கிட்டுத் தருகிறேன், கடைசி 3 செ.மீ.யோடு சேர்த்து.